வயருக்குத் தைத்த பை

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அதை மனசாரத்தான் எழுதுகிறேன். நானும் இங்கே நலம் என்று எழுத வேண்டிய இடம் இது, எழுதப் போவதில்லை. உன் தங்கை நன்றாக இருக்கிறாள், பல் டாக்டரிடம் சீட்டுக் கொடுக்கிற வேலை நிலைத்துவிட்டது, வாரம் ஒருநாள் வந்து என்னைச் சாப்பிட வைத்துவிட்டுப் போகிறாள். அவள் போனில் டைப் அடித்து அனுப்புகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். பேசியே சொல்லிவிடலாமே என்று போனில் கூப்பிட்டால் சரிம்மா சரிம்மா மீட்டிங் இருக்கும்மா என்று வெட்டிவிடுவாய். காகிதத்தை அப்படி வெட்ட முடியாது. நான் ஐந்தாவது வரை போனவள், எழுத்து கோணலாக இருக்கும், நிறுத்தாமல் ஓடும், கடைசி வரை படி. நடுவில் கோபம் வந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படி. எழுதுகிற எனக்கும் அப்படித்தான் வருகிறது, இதற்குள் இரண்டு சொம்பு ஆயிற்று.

நீ அனுப்பின கவர் வந்து ஒன்பது நாள் ஆகிறது. உள்ளே இருந்த மனுவைத் தங்கை இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். கீழே பென்சிலால் புள்ளி வைத்து, அம்மா இங்கே கையெழுத்துப் போடவும் என்று எழுதியிருக்கிறாய். மேலே என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா. பின்னறையில் எலக்ட்ரீஷியன் பொருத்திய சாக்கெட் மோசமாக இருந்ததால் என் கணவர் ஷாக் அடித்து இறந்தார், அந்த எலக்ட்ரீஷியனின் லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும் என்று நானே சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். பின்னறையில் சாக்கெட்டே கிடையாதடா. நீ நடை பழகின வீடு, உன் அப்பா இருபத்தாறு வருஷம் நின்று இஸ்திரி போட்ட அறை, அதில் எந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஒரு மனுஷனின் பிழைப்பை அழிக்க மனு எழுதுகிறாய். காரியத்துக்கு வந்து ஏழு நாள் இருந்தாயே, ஒருதரம் அந்த அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்தாயா. நான் கையெழுத்துப் போட மாட்டேன். மனு வந்த மடிப்பிலேயே இந்தக் கடிதத்தோடு உனக்கே திரும்பி வருகிறது.

உனக்கு அவரை எலக்ட்ரீஷியன் என்றுதான் தெரியும், தெருவில் எல்லோருக்கும் அவர் மெயின்சுவிட்ச். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வாங்க என்று சொல்வதற்குள் நேராகப் போய் மெயினை அணைத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்பார். உன் அப்பா அவரைச் சும்மா விட மாட்டார். வந்துட்டாருய்யா இருட்டு, உன் கல்யாணத்துலயும் மெயினை அணைச்சிட்டுத்தான் பொண்ணு கையைப் பிடிச்சியா என்பார். அதற்கு அவர், அணைக்காமப் பிடிச்சிட்டேன் அண்ணே, அந்த ஷாக்குதான் இன்னும் விடலை என்பார். அப்படிப் பேசிச் சிரிக்கிற ஆட்கள் இரண்டு பேரும். பின்னறைக்குச் சுவரோடு ஒரு லைன் இழுத்து இஸ்திரிப் பெட்டிக்கென்று தனிச் சாக்கெட் வைக்கலாம் அண்ணே, நல்ல வயரா போட்டா உங்க காலத்துக்கும் கவலை இல்லை என்று அவர் சொன்னது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அப்பாவும் சரி என்றார். அந்தச் சமயம்தான் நீ லீவுக்கு வந்தாய். எதுக்குப்பா சுவரை உடைச்சுக்கிட்டு, ரெண்டு வருஷத்துல நான் வந்து வீட்டையே இடிச்சுக் கட்டறேன், அதுவரைக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் போதும் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய் ஆரஞ்சு நிறத்தில் சக்கரத்தில் சுற்றின வயர் ஒன்று வாங்கி வந்தாய். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, விரல் தண்டிக்கு மொத்தமாக, பளபளவென்று. இரண்டு வருஷம் ஆயிற்று, வீடு இடித்துக் கட்டவில்லை. இடிந்தது வேறு.

நீ ஊருக்குப் போன மறுவாரம் மெயின்சுவிட்ச் மாடிக்கு விளக்கு மாட்ட வந்தார். அந்த வயரை எடுத்துப் புரட்டிப் பார்த்து முகம் சுளித்தார். அண்ணே இது போன் சார்ஜ் போடலாம், டேபிள் ஃபேன் போடலாம், இஸ்திரிப் பெட்டி வேண்டாம் என்றார். மேலே இருக்கிற ரப்பர்தான் மொத்தம், உள்ளே ஒன்றுமில்லை என்றார். உன் அப்பாவுக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டது. அது என் மவன் வாங்கிக் கொடுத்தது, நீ லைன் இழுக்கிற கூலி போச்சேன்னு குறை சொல்றியா என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த சண்டை. மெயின்சுவிட்ச் பதிலுக்குக் கத்தவில்லை. சரி அண்ணே, உபயோகிச்சே ஆகணும்னா சக்கரத்துல ஒரு சுத்து விடாம முழுசா அவிழ்த்துப் போட்டு உபயோகிங்க, சுத்தி வெச்ச வயர் தன் சூட்டைத் தானே குடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா வீம்புக்காரர்தான், ஆனால் பயமும் உண்டு. முன்னறைச் சாக்கெட்டிலிருந்து பின்னறை வரை முழுசாக அவிழ்த்துத் தரையில் வளைய வளையப் போட்டுத்தான் வேலை செய்தார். ஒரு வருஷம் அப்படித்தான் ஓடியது. பிளக் கொஞ்சம் சுடும், அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் நீ போனில் முகம் பார்த்துப் பேசினாய். அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். நீ என்ன சொன்னாய் என்று நான் ஒரு எழுத்து மறக்கவில்லை. என்னம்மா வீடு முழுக்கக் குடல் மாதிரி வயர் கிடக்கு, லீவுக்குக் குழந்தையைக் கூட்டிட்டு வரோம், தடுக்கி விழுந்தா யார் பதில் சொல்றது, சுருட்டி ஒழுங்கா வைங்க என்றாய். மருமகளும் பின்னால் நின்று ஆமாம் அத்தை என்றாள். அப்பா அன்றைக்கே வேண்டிய அளவு மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சக்கரத்தில் இறுக்கச் சுற்றிவிட்டார். நீங்கள் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். வராத குழந்தைக்காகச் சுருட்டின வயர் சுருட்டினபடியே இருந்தது, நாளைக்கு வந்தாலும் வருவார்கள் என்று அவர் அவிழ்க்கவே இல்லை.

இதுவரைக்கும் எழுதினது உன்மேல். இனிமேல் எழுதுவது என்மேல். ஐந்து மாதமாக, போன வாரம் வரை, இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் தங்கையிடமும் சொல்லவில்லை. அந்தச் சக்கரம் மூடாமல் தரையில் கிடப்பது எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஈரக் கையோடு குழந்தை வந்து அதைத் தொட்டுவிடுமோ என்றும் ஒரு பயம். மீந்த ஜாக்கெட் துணியெல்லாம் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டி, வாய்க்கு நாடா வைத்து, அந்தச் சக்கரத்துக்கு ஒரு பை தைத்தேன். குழந்தைக்கு மெத்தை தைக்கிற மாதிரி தைத்தேன். வயர் வர ஒரு ஓட்டை, போக ஒரு ஓட்டை, ஓட்டை பிரியாமல் சுற்றிலும் காஜாகூட எடுத்தேன். அப்பா பார்த்துவிட்டு, வயருக்கே சட்டை போட்டுட்டியா, காலர் எங்கே என்று சிரித்தார். ஒருநாள் கூட்டும்போது அந்தப் பையைத் தூக்கி நகர்த்தினேன், கைக்கு நன்றாகவே சுட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இஸ்திரி போடுகிற வீட்டில் சுடுகிற துணி என்ன புதுசா, நாள் முழுக்கச் சூடான துணியைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு எந்த வீட்டுப் பொம்பளையாக இருந்தாலும் ஏன் சுடுகிறது என்று கேட்டிருப்பாள். நான் அதைச் சுவரோரமாக வைத்துவிட்டுக் கூட்டினேன்.

அன்றைக்குக் காலை பதினொரு மணி இருக்கும். நான் முன்னறையில் தையல் மிஷினில் இருந்தேன். கருகல் வாசனை வந்தது. எந்தச் சட்டையைக் கருக்கினீங்க, கண்ணு எங்கே இருக்கு உங்களுக்கு என்று மிஷினை நிறுத்தாமலே கத்தினேன். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தி அந்த மனுஷனிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது. பதில் வரவில்லை என்றதும்தான் எழுந்து போனேன். பை எரிந்துகொண்டிருந்தது. துணி மூட்டையில் தீ பிடித்துவிடும் என்று அவர் வயரைப் பிடித்து இழுத்திருக்கிறார், ரப்பர் உருகிக் கம்பி வெளியே வந்திருந்தது தெரியவில்லை. பிடித்த கை விடவில்லை. நான் அளவு எடுக்கிற மரக்கோலால் அடித்தேன், எத்தனை அடி என்று தெரியாது. அவர் விழுந்தார். நான் போட்ட சத்தத்தில் மாவு மில்லில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த மெயின்சுவிட்ச் ஓடி வந்தார். அன்றைக்கும் நேராகப் போய் மெயினைத்தான் முதலில் அணைத்தார். அப்புறம் எரிகிற பையைச் செருப்புக் காலால் மிதித்து அணைத்தார். அப்புறம் அப்பாவின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினார், ஆட்டோ வரும்வரை அமுக்கினார், ஆட்டோவிலும் அமுக்கிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது என்று சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை, நர்சுதான் பிடித்து விலக்கினாள்.

அந்த மனுஷனைத்தான் நீ வந்து வாசலில் நிறுத்தி, தெருவே பார்க்க, வயரிங் தெரியாத நாயே நீதான்டா எங்கப்பாவைக் கொன்னே என்று கத்தினாய். உன் சித்தப்பா வேறு, இவனையெல்லாம் உள்ளே வைக்கணும் என்று எடுத்துக் கொடுத்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. என்னை ஒருதரம் பார்த்தார். அவ்வளவுதான். அவர் மிதித்து அணைத்தது என்ன என்று அவருக்குத் தெரியும். பஞ்சும் நாடாவும் அவர் செருப்பில் ஒட்டியிருந்தது. தையல்காரி வீட்டில் அந்தப் பையை யார் தைத்திருப்பார்கள் என்று கேட்கப் புத்திசாலி வேண்டியதில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ கத்தினது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. மீந்த கரித்துணியையும் வயரில் எரியாத துண்டையும் அன்றைக்கே பழைய டப்பாவில் போட்டு மூடி அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

நீ விமானம் ஏறிவிட்டாய். இங்கே என்ன ஆயிற்று தெரியுமா. மாவு மில்லில் அவரை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவதில்லை. பக்கத்துத் தெருவில் ஃபேன் மாட்டக் கூப்பிட்டவர்கள்கூட, ஆள் செத்த வீட்டு எலக்ட்ரீஷியனா என்று வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். நீ போன மாதம் கம்ப்யூட்டரில் ஏதோ புகார் போட்டிருக்கிறாயாம், அதனால் விசாரணை முடியும்வரை லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது என் கையெழுத்தும் சேர்ந்துவிட்டால் அது திரும்பாது. உன் கவர் வந்த மறுநாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் சம்சாரம் உள்ளே வா என்று சொல்லவில்லை. எங்க வீட்டுக்காரர் சும்மாதான் உக்காந்திருக்கார், இன்னும் ஏதாவது மிச்சம் இருந்தா அதையும் சொல்லிட்டுப் போங்க என்றாள். சொல்லத்தான் வந்தேன் என்று டப்பாவைத் திறந்து காட்டினேன். அவள் கரித்துணியைப் பார்த்தாள், காஜா எடுத்த ஓட்டையைப் பார்த்தாள், உள்ளே போய் நாற்காலி எடுத்துவந்து போட்டாள். ஏன் அன்றைக்கு வாய் திறக்கவில்லை என்று அவரைக் கேட்டேன். அண்ணன் போயாச்சு, பையன் கத்திட்டு ஊருக்குப் போயிடுவான், நீங்க இந்தத் தெருவுல இருக்கணும்ல அக்கா என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அவள் முந்தானையைக் கொடுத்தாள்.

அழுது முடித்த பிறகு எனக்குச் சொல்லிக்கொடு என்றேன். எதனால் என்று தெரியாமல் நான் எங்கே போய் என்ன சொல்வது. அவர் டப்பாவில் இருந்த, நீ வாங்கின வயரின் எரியாத துண்டையும் நல்ல வயர்த் துண்டு ஒன்றையும் என் கையில் கொடுத்து, உங்க கத்திரியாலயே வெட்டுங்க அக்கா என்றார். துணி வெட்டுகிற கத்திரி, பரவாயில்லை என்று வெட்டினேன். உன் வயர் மொத்தமாக இருந்ததே, உள்ளே இரண்டே வயர், அதுவும் நூல் மாதிரி. மூன்றாவதாக எர்த் வயர் வர வேண்டும், அது இல்லவே இல்லை. கம்பியைப் பிளேடால் சுரண்டச் சொன்னார், மேலே செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது, அலுமினியத்துக்குச் செம்பு பூசியிருக்கிறான். நல்ல வயரைச் சுரண்டினால் சுரண்டச் சுரண்டச் செம்புதான். நல்ல வயரின் மேலேயே எத்தனை வயர், எவ்வளவு தடிமன் என்று அச்சடித்திருந்தது, மூன்று, ஒன்றரை என்று எனக்கே படிக்க முடிந்தது. உன்னுடையதில் ஒரு எழுத்தும் இல்லை. தையல் நூல் கண்டிலேகூட நம்பர் போட்டிருப்பான். அப்படியானால் ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்டேன். ஃபியூஸ் சுவருக்குள்ளே இருக்கிற தடி வயருக்குக் காவல் அக்கா, வெளியில நாம எந்த நூலைக் கொண்டுவந்து சொருகறோம்னு அதுக்கு எப்படித் தெரியும் என்றார். நீ படிப்பெல்லாம் படித்தவன், இஸ்திரிப் பெட்டி எவ்வளவு கரண்ட் இழுக்கும், இந்த வயர் எவ்வளவு தாங்கும் என்று கடைக்காரனை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நிறம் பார்த்து வாங்கினாய். நான் துணிக்கடையில்கூட நிறம் பார்த்து மட்டும் துணி எடுப்பதில்லை.

வருகிற மாதம் பன்னிரண்டாம் தேதி காலை பத்தரைக்கு விசாரணை. நான் போகிறேன். டப்பாவை எடுத்துக்கொண்டு போகிறேன். வயர் வாங்கினது என் மகன், வேண்டாம் என்று இவர் சொல்லியும் வீம்புக்கு உபயோகித்தது என் வீட்டுக்காரர், பை தைத்து மூடினது நான், இந்த மனுஷன் அந்த அறையில் ஒரு ஆணிகூட அடித்ததில்லை என்று சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் உன் புகாரை நீயே திரும்ப வாங்கிக்கொள். அவருக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது. போன் வேண்டாம், அவரும் சரி தம்பி சரி தம்பி என்று உன்னைச் சுலபமாக விட்டுவிடுவார். எழுதினாலும் எழுதாவிட்டாலும் விசாரணையில் என் வாயால் உன் பேர் வரும், அம்மா காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று சித்தப்பாவிடம் போய் அழு. உன்னைப் பெற்றவள் என்பதற்காக இன்னொருத்தியின் வீட்டு அடுப்பை அணைக்க என்னால் முடியாது. லைசென்ஸ் திரும்பி வந்ததும் பின்னறைக்கு லைன் இழுக்க அவரைத்தான் கூப்பிடப் போகிறேன், அதுவரை முன்னறையில் சுவரோடு நின்று இஸ்திரி போடுகிறேன். எனக்கு அப்பா மாதிரி காலர் வராது. அன்றைக்கு அப்பா கடைசியாக மடித்துவைத்த வேன் டிரைவரின் நீலச் சட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது. டிரைவரும் வந்து வந்து கேட்கிறார், நாளைக்கு நாளைக்கு என்கிறேன். மடிப்பைக் கலைக்க மனசு வரவில்லை, அவருக்கு வேறு துணி எடுத்துத் தைத்துக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

இத்தனை கோபத்தையும் ஓரமாக வைத்துவிட்டு இனி எழுதுவதை மட்டும் இரண்டு தரம் படி. போன வாரம் நீ குழந்தை தூங்குகிற போட்டோ அனுப்பினாய். எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள், நான் கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். தங்கையைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். கட்டில் பக்கத்தில் ஹீட்டர், அதிலிருந்து ஒரு வெள்ளை வயர், வயரைச் சுருட்டி நடுவில் ரிப்பன் கட்டி அழகாக வைத்திருக்கிறது, பாதி கம்பளத்துக்கு அடியில் போகிறது. மருமகள் கெட்டிக்காரி, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாள். நானும் அப்படித்தான் கெட்டிக்காரியாக இருந்தேன். அவளைத் திட்டாதே, திட்டினாய் என்று கேள்விப்பட்டால் இன்னொரு கடிதம் வரும். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் போய் அந்த ரிப்பனை அவிழ். ஹீட்டரை நேராகச் சுவரில் சொருகு, எட்டவில்லை என்றால் கட்டிலை நகர்த்து, வயரை நீட்டாதே. கட்டில் நகரும், நகராத கட்டில் எந்த ஊரிலும் இல்லை. வேறு எதற்காவது வயர் வேண்டும் என்றால் மேலே எழுத்து இருக்கிறதா, உள்ளே மூன்று இருக்கிறதா பார்த்து வாங்கு, எவ்வளவு இழுக்கும் என்று கடைக்காரனைக் கேள், கேட்பதில் உன் படிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. வாங்கினதை முழுசாக அவிழ்த்துப் போடு, மேலே கம்பளமோ துணியோ போடாதே, ஒன்றோடு ஒன்றைச் சொருகி நீளமாக்காதே. கொஞ்ச நேரம் ஓடின பிறகு சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பார், சுட்டால் ஏன் சுடுகிறது என்று கேள். நான் கேட்கவில்லை.

கவருக்குள் ஒரு சாண் வயர் வைத்திருக்கிறேன், மெயின்சுவிட்ச் கொடுத்த நல்ல வயர், ஒரு முனையை நானே சீவிச் செம்பு தெரிய வைத்தேன். தபால்காரர் தடவிப் பார்த்து உள்ளே என்னம்மா என்று கேட்டால், மகனுக்குப் புத்தி என்பேன். கட்டிலுக்குக் கீழே கிடக்கிற உன் வயர் பக்கத்தில் அதை வைத்து ஒப்பிட்டுப் பார். உன் அப்பா இருந்திருந்தால் நீ வாங்கினதுதான் நல்ல வயர் என்று என்னோடு சண்டைக்கு வந்திருப்பார், உனக்காக அப்படிப் பேச இனி ஆள் இல்லை.

குழந்தைக்கு என் முத்தம். மருமகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கும் ஆசீர்வாதம் உண்டு, நீ நூறு வயசு இருக்க வேண்டும், அதை எந்தக் கோபத்திலும் மாற்றி எழுத எனக்குக் கை வராது. பன்னிரண்டாம் தேதி, பத்தரை மணி. மறக்காதே. அதற்கு முன்னால் ரிப்பன்.

இப்படிக்கு,
பையைத் தைத்தவள்,
உன் அம்மா